மூன்றாவது ஹொப்ஸ்

2 மார்ச் 2024, சனி

இந்த முறையும் வீட்டில் காய்ச்சிய ஐபிஏ பியர் சரிவரவில்லை. சிட்ராவும் மொசைக்கும் சரிபாதி போட்டேன். பியருக்கு மணம் தரும் ஹொப்ஸ் பூக்களில் இரண்டுமே பேர்போனவை. ஒன்று தேசிக்காய்த் தோலின் எலுமிச்சை மணம், மற்றது மாம்பழம். சேர்ந்தால் பழச்சாறு மாதிரித் திகட்டுகிறது. எங்கே பிழை?

நிலவறையில் ஹொப்ஸ் பைக்கற்றுகளை வோஷிங் மெஷினுக்கு மேல் பரப்பி வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி கோசலா உடுப்பு எடுக்க வந்தாள். அவள் பியரை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் பால் பழுதோ என்று பார்க்க அவளுடைய மூக்கைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா நீட்டினேன். உள்ளங்கையில் தேய்த்து மணந்தாள்.

"இது ரெண்டும் ஒரே பக்கம் கதைக்குது. மறுத்துக் கதைக்க ஒரு ஆள் வேணும்."

எட்டுப் பைக்கற்றையும் மணந்தாள். ஒன்றை "உள்ளி மணக்குது" என்று தள்ளினாள். சிம்கோ என்ற பைக்கற்றில் நின்றாள். "இது பைன் மரத்துப் பிசின். இதைப் போடுங்கோ. மொசைக்கைக் குறையுங்கோ."

10 மார்ச், ஞாயிறு

காய்ச்சியாயிற்று. சிட்ரா இரண்டு பங்கு, மொசைக் ஒன்று, சிம்கோ ஒன்று. கசப்புக்குக் கொஞ்சம் கொதியில். மிச்சமெல்லாம் நொதிப்பு அடங்கிய பிறகு.

13 ஏப்ரல், சனி

முதல் போத்தல் திறந்தோம். என்ன சொல்ல! முதலில் தேசிக்காய். பிறகு பிசின் கசப்பு வந்து இனிப்பை வெட்டுகிறது. வாய் காய்ந்து அடுத்த மிடறு கேட்கிறது. கோசலா கிளாஸை மணந்துவிட்டு "ஓம்" என்றாள். அவ்வளவுதான்.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் மைக்கல்தான் என்னைக் காய்ச்சுவோர் சங்கத்தில் சேர்த்தவன். போட்டிப் படிவத்தோடு வந்து நின்றான். 'கூடக் காய்ச்சியவர்' என்று ஒரு வரி. பேனா அதில் நின்றது. பியரோடு கோசலாவின் பெயர் வந்தால் கோயிலில் சனம் என்ன கதைக்கும்? வெறுமையாக விட்டேன். அவளுக்காகத்தான்.

25 மே, சனி

முதல் பரிசு. வின்டர்தூர் நகர மண்டபத்தில் அறுபது பேர் கை தட்டினார்கள். கோசலா பச்சைச் சேலையோடு மூன்றாவது வரிசையில்.

எப்படி இந்தச் சேர்க்கை வந்தது என்று மேடையில் டொச்சில், ஜேர்மன் மொழியில், கேட்டார்கள். வாயில் முதலில் வந்தது அவளுடைய வசனம். "சிட்ராவும் மொசைக்கும் ஒரே பக்கம் கதைக்கின்றன. மறுத்துக் கதைக்க ஒருவர் வேண்டும் என்று நினைத்தேன்." நினைத்தேன். நான்! எல்லோரும் சிரித்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

26 மே, ஞாயிறு

கோசலா தன் தேத்தண்ணியை மட்டும் ஊற்றிக்கொண்டு போனாள்.

29 மே, புதன்

நானே தொடங்கினேன். "உம்மட பேரைப் போட்டா சனம் கதைக்கும். அதுதான் போடேல்லை."

சோறு போட்ட கையோடு நின்றாள்.

"எனக்கு வெக்கம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? என்னைக் கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை.

"சனத்துக்குப் பயமெண்டா பேரை விடுவீங்கள். நான் சொன்னதை ஏன் நீங்கள் சொன்னதெண்டு சொன்னீங்கள்? எனக்கு டொச் விளங்காதெண்டு நினைச்சீங்களோ?"

கோப்பையைத் தள்ளிவிட்டு இந்தக் கொப்பியை எடுத்தேன். 'அவளுக்காகத்தான்' என்று நான் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சீ. தனக்குத்தானே எழுதும் கொப்பியிலும் பொய்.

8 யூன், சனி

வென்ற பியரை இங்குள்ள சின்னப் பியர் ஆலை ஒன்று பெரிய அளவில் காய்ச்சப் போகிறது. காய்ச்சுபவர் எலேனா. மேசையில் மூன்று தட்டு சிம்கோ வைத்தார். மூன்றும் வேறு வேறு தோட்டத்து அறுவடையாம். "உங்கள் பியருக்கு எது?"

மணந்தேன். மூன்றும் பைன். திரும்ப மணந்தேன். பைன்தான். நடுத்தட்டைக் காட்டினேன்.

எலேனா அதை மணந்து என்னைப் பார்த்தார். "இதில் வெங்காயம் அடிக்கிறதே?" பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிச்சனான்! இதைவிட அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே. வாய் ஏன் வரேல்லை? அடுத்த கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

9 யூன், ஞாயிறு

எலேனாவுக்கும் சங்கத்துக்கும் கடிதம் எழுதினேன். அனுப்ப முன் கோசலாவிடம் காட்டினேன். 'என் மனைவி தெரிவில் உதவினாள்' என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"உதவேல்லை. நான்தான் தெரிவு செய்தனான்."

மாற்றினேன். அதிலும் கூடக் கஞ்சத்தனம் செய்திருக்கிறேன்.

11 யூன், செவ்வாய்

சங்கத்துக்குப் பரிசுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மைக்கல் வாகனம் வரை கூட வந்தான். "சும்மா இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது, அண்ணை." வீட்டில் தெரியும் என்றேன்.

15 யூன், சனி

எலேனா கோசலாவை அழைத்திருந்தார். கூட வரவா என்று கேட்டேன். "வேண்டாம். நான் போய் வாறன்."

நான்கு மணிக்குத் திரும்பினாள். கையெல்லாம் ஹொப்ஸ் மணம். எந்தத் தட்டு என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.

14 செப்டெம்பர், சனி

ஆலையில் இன்று பியர் வெளியீடு. லேபிளில் கோசலாவின் பெயர். கோயில் ஆட்களும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கோசலாவையும் போத்தலையும் சேர்த்துப் படம் எடுக்கலாமோ என்று கேட்டார்.

கோசலா டொச்சில் ஐந்தாறு வசனம் பேசினாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு இல்லை. நான் கடைசி வரிசையில், தூணோரம்.

முடிவில் ஒரு கிழவர் என்னைக் காட்டி, இவரும் இதில் இருக்கிறாரா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். இல்லை என்று சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது.

"ஓம், என்ரை மனுசன்" என்று தமிழில் வந்துவிட்டது அவளுக்கு. சிரித்து, டொச்சில் மாற்றிச் சொன்னாள். "ஹொப்ஸ் நான் தெரிவு செய்தது. முதலில் காய்ச்சியது அவர். நன்றாகக் காய்ச்சுவார்."

கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எத்தனை சுலபமாகச் சொன்னாள்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. மேசையில் இருந்த வெறும் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போனேன்.