விடைத்தாளில் விட்டுப்போன வட்டம்

14 அக்டோபர் 2007, ஞாயிறு

பழங்காநத்தத்தில் வெங்கடேஷ்பாபு அண்ணனின் ஜெராக்ஸ் கடை மாடியில் இன்று மாதிரித் தேர்வு. அரசு வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிற நாங்கள் ஞாயிறுதோறும் அங்கேதான் கூடுகிறோம். வழக்கம்போல நான்தான் முதல். திறனறிவுப் பகுதியில் ஒன்றுகூடத் தப்பில்லை. எழுதும்போதே கொஞ்சம் கர்வமாக இருக்கிறது. இருக்கட்டும், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

தேர்வு முடிந்ததும் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வேலை. இன்று தண்ணீர்த் தொட்டி. மேலே ஒரு குழாய் நிரப்புகிறது, அடியில் ஒரு ஓட்டை காலி செய்கிறது, தொட்டி எப்போது நிறையும்? நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிற அன்னக்கொடி கேட்டாள்: "ஓட்டைய அடைக்காம எதுக்குக்கா தண்ணி விடுறாக?"

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். "நீ போய் அடைச்சிட்டு வா, மத்தவங்க பரீட்சை எழுதட்டும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். எனக்கு இந்த வாய் ஆகாது.

4 நவம்பர்

தீபாவளிக் கூட்டம். அப்பா சேலைக் கடையிலிருந்து வர நேரமாகிறது. நின்று நின்று கால் வீங்கிவிட்டது. சேலை எடுக்க வருகிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்ணு ஹம்சவேணி அடுத்த தீபாவளிக்கு கவர்ன்மென்ட் போனஸ் வாங்கிரும்" என்று சொல்கிறாராம். உடன் வேலை பார்க்கிறவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். வெட்கமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். பிடித்திருந்தது.

25 நவம்பர், ஞாயிறு

பரீட்சை முடிந்தது. எல்லாக் கணக்கும் வந்தது. நேரம்கூட மிச்சம்.

26 நவம்பர்

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

என் வினாத்தாள் சி வரிசை. அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது, கண்ணிலேயே நிற்கிறது. விடைத்தாளின் மேலே ஏ, பி, சி, டி என்று நான்கு வட்டங்கள். வினாத்தாள் கைக்கு வந்ததும் நமக்குரிய வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். நான் கருப்பாக்கினேனா? இல்லை. இல்லவே இல்லை.

எப்படி விட்டேன் என்பதும் தெரிகிறது. மாடியில் நாங்கள் எழுதிப் பழகுகிற விடைத்தாள் எல்லாம் ஒரே தாளின் ஜெராக்ஸ். யாரோ ஏற்கெனவே ஏ வட்டத்தைக் கருப்பாக்கிய தாள். வாராவாரம் அதிலேயே எழுதி, என் கண் மேல்பகுதியைத் தாண்டி நேராக முதல் கேள்வியில் போய் உட்காரப் பழகிவிட்டது. நேற்றும் அப்படித்தான் போய் உட்கார்ந்தது. பதிவெண்ணை நிரப்பினேன், கையெழுத்துப் போட்டேன், கணக்கைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. மேற்பார்வையாளரும் கவனிக்கவில்லை.

வட்டம் காலியாக இருந்தால் எந்த விடைகளோடு ஒப்பிடுவது என்று மெஷினுக்குத் தெரியாது. தாள் செல்லாது. உள்ளே எழுதியதெல்லாம் சரியாக இருந்தாலும் செல்லாது.

ஐயோ, என்னடி பண்ணி வச்சிருக்க. ஆறு வருசப் படிப்பு. ஒரு வட்டம்.

2 டிசம்பர், ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். போனால், என் பதில்களைத்தான் விடைக்குறிப்பாக வைத்துக்கொண்டு அவரவர் மார்க்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஹம்சவேணி சொன்னா அப்பீலே கிடையாது" என்றார் வெங்கடேஷ்பாபு அண்ணன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அன்னக்கொடிக்கு மார்க் நன்றாக வந்தது. தொட்டிக் கணக்கைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறாள். படம் வரைந்து பார்த்தாளாம்.

15 ஜனவரி 2008, பொங்கல்

அப்பா எனக்கு ஒரு சேலை எடுத்து வந்தார். வேலைக்குப் போகிற முதல் நாள் கட்டிக்கொள்ளவாம். வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. வேலை ஆர்டர் வருமோ என்கிற கவலை என்று அப்பாவே காரணமும் சொல்லிக்கொண்டார்.

12 மார்ச், புதன்

ரிசல்ட். பிரவுசிங் சென்டரில் என் எண்ணை மூன்று பேர் தேடினார்கள். நான் தேடவில்லை. அன்னக்கொடியின் எண் இருந்தது. எங்கள் மாடியிலிருந்து அவள் ஒருத்திதான்.

எனக்கு அழுகை வரவில்லை. அதைப் பார்த்து வெங்கடேஷ்பாபு அண்ணன் பயந்துபோய் சோடா வாங்கிக் கொடுத்தார்.

16 மார்ச், ஞாயிறு

அன்னக்கொடி லட்டு கொண்டு வந்தாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், யாரும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு பேச்சு ஆரம்பித்தது. குழாய்க் கணக்கு தெரியாதவளுக்கு வேலை, ஹம்சவேணிக்கு இல்லையா? எங்கேயோ காசு விளையாடியிருக்கிறது என்றார் அண்ணன். அவள் புருஷன் வீட்டில் வயல் இருக்கிறதே, அதில் எதையாவது தள்ளிவிட்டிருப்பார்கள் என்றார் இன்னொருவர். எனக்கு வர வேண்டியதைத்தான் அவள் தட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

அப்போது என் வாய் என்ன செய்துகொண்டிருந்தது? லட்டைத் தின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதவே கை கூசுகிறது. அந்தப் பேச்சு எனக்கு இதமாக இருந்தது.

24 மார்ச்

அப்பா கடையில் இதையே எல்லோரிடமும் சொல்லிப் புலம்பியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாம் சேர்த்து. சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நாகமலை புதுக்கோட்டைக்காரர், அதுவும் அன்னக்கொடியின் மாமியாருக்குத் தெரிந்தவர். "அவர்கிட்டயே நல்லா உறைக்கிற மாதிரி கேட்டுட்டேன்" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நேற்று அவள் மாடிக்கு வராத காரணம் இப்போது புரிகிறது.

சீ. நான் எல்லாம் ஒரு மனுஷியா.

30 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, வட்டத்தை விட்டுவிட்டேன், என் தாளைத் திருத்தியே இருக்க மாட்டார்கள், அன்னக்கொடி நியாயமாகத் தேறியவள் என்று சொன்னேன்.

வெங்கடேஷ்பாபு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, அடுத்தவ பேர் கெடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்குது. இந்த மனசு யாருக்கு வரும்?"

இல்லை அண்ணே, உண்மையாகவே விட்டுவிட்டேன் என்றேன். ஆமாம்மா ஆமாம்மா என்று தலையாட்டினார். இரண்டு பேர் கை தட்டினார்கள். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். நீ அப்படித் தப்பு பண்ணுகிற பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு, கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். உண்மையைச் சொல்லியும் பெரிய மனுஷியாகிவிட்டேன். இதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

5 ஏப்ரல்

அன்னக்கொடி இன்று வீடு தேடி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"நீங்க மாடியில சொன்னது நெசமாக்கா?"

"நெசந்தான்."

"எப்பத் தெரியும்?"

"பரீட்சைக்கு மறுநாளே."

"லட்டு தின்னீகளே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் மாமியார் செல்லக்கிளி தன் மகனிடம், இவள் புருஷனிடம், பேசுவதே இல்லையாம். எனக்குத் தெரியாமல் லஞ்சம் கட்டக் காசு எங்கிருந்து வந்தது என்று இவளோடு தினமும் சண்டையாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன், எப்படி வேலைக்குப் போகிறாய் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"எங்க வீட்டுக்கு வந்து எங்க அத்தைகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது."

வாரேன் என்றேன். அவள் போன பிறகு, எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று இருந்தது. மாடியில் சொன்னது என்னைத் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறவர்களிடம். இது அப்படி இல்லை.

12 ஏப்ரல், சனி

போய்விட்டு வந்தேன்.

செல்லக்கிளி அம்மா முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கவில்லை. வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். புரியவில்லை. ஒரு தாளில் நான்கு வட்டம் போட்டு, இதில் ஒன்றை நிரப்ப வேண்டும், நான் நிரப்பவில்லை என்று காட்டினேன். வாங்கி, எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ எம்புட்டு வருசமாப் படிக்கிற?"

ஆறு வருஷம் என்றேன்.

"இவுகளுக்கெல்லாம் நீதான் சொல்லிக் குடுக்குற?"

ஆமாம் என்றேன்.

"நீ இத நெரப்ப மறந்துட்ட."

அதற்கும் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புளி உடைத்த கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏலேய், இங்க வாடா" என்று உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டார். அவரோடு பேசாமல் இருந்ததே அந்த அம்மாவுக்கு மறந்துவிட்டது. "சொல்லிக் குடுக்குற புள்ளையே கோட்டை விட்ருச்சாம்டா. அப்ப நம்ம புள்ள நெசமாவே பாஸாத்தான்டா ஆயிருக்கு."

கதவோரம் நின்ற அன்னக்கொடி குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மாடியில் யாரும் நம்பவில்லை, அப்பா நம்பவில்லை. இந்த அம்மா நம்பிவிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் அவர் சிரித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.