முப்பது மீட்டர் தெற்கே

கோயம்புத்தூர்
ஜூலை 4

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் கத்துகிறீர்கள், ஐந்தாவது நிமிடத்தில் நான் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நம் ஊர் தேவாலயக் கோபுரத்தை நான் வேண்டுமென்று நகர்த்தவில்லை. பழைய கோபுரத்தின் அடியில் மண்ணே இல்லை. உப்புத் தண்ணீரும் சிப்பியும்தான். விரிசலுக்குள் என் கை போனது. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பூசைக்கு வந்தவர்கள் தலையில் விழுந்திருக்கும். உறுதியான பாறை கிடைத்த இடம் முப்பது மீட்டர் தெற்கே. புதுக் கோபுரத்தை அங்கே வரைந்தேன். பங்குப்பேரவையும் ஒப்புக்கொண்டது.

கோபுரம் மாறினால் கடலில் வழி போய்விடும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னீர்கள். நான் சிரித்தது தப்பு. அக்கா அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆனால் சொன்னதை மாற்ற மாட்டேன். மலையும் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பிடித்து, அந்தக் கோட்டிலேயே வள்ளத்தை ஓட்டுவதைத்தானே கணிச்சம் என்கிறீர்கள்? இன்ஜினியரிங்கில் எங்களுக்கு அது முதல் வருடப் பாடம். உங்கள் கணிச்சத்தை எழுதி அனுப்புங்கள். கணக்குப் போட்டு ஒரு ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றித் தருகிறேன். அப்புறம் கோபுரம் எங்கே நின்றால் என்ன?

ஜெபிஷ்

*

ஜூலை 9

மக்கா ஜெபிஷுக்கு,

மச்சான் ஜேசுதாஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அக்கா எலிசா கோபமாக இருந்தாலும் உனக்கு நெத்திலி காயப்போட்டிருக்கிறாள்.

கோபுரத்தை இடித்தாச்சு. நேற்று வள்ளத்தில் நின்று கரையைப் பார்த்தேன். வெறும் தென்னை. பதினைந்து வயதில் இருந்து கடலுக்குப் போகிறேன். நம்ம கரை எது என்று நேற்றுதான் ஒரு நிமிடம் தெரியாமல் நின்றேன். "வேய், ஒமக்க வீடே தெரியலியா?" என்று கூட வள்ளத்தில் இருந்த ராஜையன் சிரித்தான். அவனுக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியாதா.

மீன் கிடக்கும் கடலடிப் பார்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பயமெல்லாம் கரைக்கு நுழையும் வாசலில்தான். அண்ணன் பாறை, தம்பிப் பாறை இரண்டும் தண்ணீருக்கு அடியில். நடுவே இருபத்தைந்து பாகம்தான் அகலம், உன் கணக்கில் நாற்பத்தைந்து மீட்டர். மருந்துவாழ் மலையில் இருக்கிற வெட்டு, கோபுரத்துச் சிலுவைக்கு நேர் மேலே நின்றால் நடு வாசல். ஒரு விரல் விலகினால் பாறை. வட்டக்கோட்டை மதில் முனைக்குப் பின்னால் இருந்து காற்றாலை வெளியே வரும் இடத்தில் கரையைப் பார்த்துத் திரும்பணும். நேற்று கடல் அடங்கியிருந்ததால் பாறைகளைச் சுற்றிக் கரை சேர்ந்தோம். ஆடிக் கடலில் அப்படிச் சுற்றி வர முடியாது, அலை புரட்டிப் போடும். மற்ற வள்ளங்கள் எல்லாம் சின்னமுட்டத்துக்குப் போய்விட்டன. இந்த வாசல் வழியாக வருவது இப்போது நானும் ராஜையனும் மட்டும்.

இதைத்தான் கூட்டத்தில் சொல்ல எழுந்தேன்.

இன்று கடல் பொங்குகிறது. உன் கருவி வரும்வரை வள்ளம் மணலில் கிடக்கட்டும்.

ஜேசுதாஸ்

*

கோயம்புத்தூர்
ஜூலை 16

அன்புள்ள மச்சானுக்கு,

கருவி கூரியரில் வருகிறது. இரண்டே புள்ளிகள்: வாசலுக்கு வெளியே ஒன்று, வாசல் நடுவில் ஒன்று. அம்பு காட்டும் வழியில் வாருங்கள். கணக்கு எனக்கு ஒரு மணி நேர வேலைதான். மலையின் இடம் செயற்கைக்கோள் படத்தில் கிடைத்தது, கோபுரத்தின் இடம் என் வரைபடத்திலேயே இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு மேல் பிசகாது. நனைந்தாலும் கெடாது. ராஜையன் அண்ணன் அதன் மேல் வைத்து மீன் நறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். பழைய நினைப்பில் சுக்கானை வளைக்காதீர்கள். பாதி கருவியை, பாதி கண்ணை நம்பினால்தான் ஆபத்து.

ஜெபிஷ்

*

கோவில்பட்டி, பஸ்ஸில்
ஜூலை 23

மச்சான்,

நாற்பத்தொரு தடவை கூப்பிட்டுவிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வருகிறது. நேற்று மதியம் கருவியோடு இறங்கிவிட்டீர்கள், இன்று சாயங்காலம் கரை சேருவீர்கள் என்றாள் அக்கா. கருவியில் ஒரு சந்தேகம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். எதிரே போய் உங்களைத் தடுக்க வள்ளம் கேட்டுச் சின்னமுட்டத்துக்கு ஓடியிருக்கிறாள். இந்தக் கடலில் வாசல் பக்கம் வர யாரும் துணியவில்லையாம்.

காலையில் ஒப்பந்தக்காரர் சிலுவையின் உயரம் கேட்டார். வரைபடத்தைத் திறந்தேன். அதில் இருப்பது புதுக் கோபுரம். உங்கள் கணிச்சம் பழைய கோபுரத்துக்கு. நான் கணக்குப் போட்டது இன்னும் கட்டி முடிக்காத கோபுரத்துக்கு. கரையில் வித்தியாசம் முப்பது மீட்டர். மலை ஆறு கிலோமீட்டர் பின்னால், வாசல் இரண்டு கிலோமீட்டர் முன்னால். வாசலில் அது நாற்பது ஆகிறது. நான்கு முறை போட்டேன். நாற்பதுதான். நான் கொடுத்த புள்ளி தம்பிப் பாறையின் மேல் இருக்கிறது.

கண்ணை நம்பாதீர்கள் என்றும் எழுதித் தொலைத்தேன்.

பஸ் டீக்கு நிற்கிறது. எதிரே தபால் பெட்டி இருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வருமா என்று தெரியவில்லை, அதனால் இங்கேயே போடுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. இதை வாசிக்க நீங்கள் இருக்க வேண்டும் மச்சான்.

ஜெபிஷ்

*

ஜூலை 28

ஜெபிஷுக்கு,

கோவில்பட்டிக் கடிதம் நேற்று கிடைத்தது. வாசிக்க நான் இருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வாசலுக்கு முன்னால் ராஜையன் எழுந்து நின்றான். "தண்ணி வெளுக்கு, நேர முன்னால இரைச்சலு கேக்கு. திருப்பும் வேய்," என்றான். எனக்கும் கேட்டது. என் கை சுக்கானில்தான் இருந்தது. "மச்சினன் போட்ட கணக்காக்கும், பிசகாது," என்று சொல்லி அம்பைப் பார்த்தே போனேன். அடித்தது. வள்ளம் இரண்டாகப் போனது. உடைந்த பலகையில் போட்டு நான் அவனைக் கரைக்கு இழுத்து வந்தபோது வலது கால் தோலில்தான் தொங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆசுபத்திரியில் அவன் உன் கையைப் பிடித்து, "மெஷினு ஏன் மக்கா பெசகிச்சு?" என்று கேட்டான். "பேட்டரி எறங்கியிருக்கும் அண்ணே," என்றாய். நான் அடுத்த கட்டிலில் கிடந்தேன். உனக்கு வேர்த்ததைப் பார்த்தேன். அப்போது உன் கடிதம் எனக்கு வந்திருக்கவில்லை. நம்பிவிட்டேன்.

பேட்டரி போடுவது அவன் வேலை. புதுசு போட்டேனே, போட்டேனே என்று இப்போது தினமும் பொஞ்சாதியிடம் சொல்லிக் கொண்டிருக்கிறான். கால் போனது தன் தப்பு என்று நினைக்கிறான்.

எலிசாவிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மக்கா. கடலை நினைத்து இல்லை. நானும் வாயை மூடி, நீயும் வாயை மூடினால், இந்தப் பொய் இப்படியே நின்றுவிடும்.

வருகிற ஞாயிறு அவனை வீட்டுக்கு விடுகிறார்கள். அன்று சாயங்காலம் நான் அவனிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டும். இனி எனக்கு எழுதாதே. எழுத உனக்கு நன்றாக வருகிறது.

உன் கோவில்பட்டிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கொண்டு வா. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நீதான் வாசிக்கணும்.

ஜேசுதாஸ்