ஒண்ணேகால் கெட்டு

இன்று காலை அண்ணன் வீட்டுக்குள் வந்ததும் கிராம்பு வாசனை வந்தது. பீடியை விட்டுவிட்டான், கிராம்பை விட முடியவில்லை. பீடி வாடையை மறைக்க மென்றதை, பல்வலிக்காகத்தான் என்று இருபது வருடம் நம்பியிருந்தேன். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறவள் நான், எதையும் எளிதில் நம்பாதவள். பாறசாலை வரைக்கும் இதைச் சொல்லிச் சிரித்தவள் நீ.

ஆஷா சுகாதாரப் பணியாளராக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த நீ, நுரையீரல் ஸ்கேன் முகாமுக்கு ஆள் சேர்க்க என் உதவியைக் கேட்டாய். வெகுகாலம் புகைத்தவர்களை, நோய் வெளியே தெரியும் முன்பே பார்த்துவிடும் திட்டம். ஒரு நாளைக்கு எத்தனை பீடி, எத்தனை வருடமாக என்று கேள்வித்தாளை நான்தான் எழுதினேன். பூவாரிலும் காரோட்டிலும் ஒரு வாரம் நடந்தோம். மனைவியும் மருமகளும் கேட்டுக்கொண்டு நிற்க, எல்லா ஆண்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நான் பீடி வலிக்கியதே இல்ல." சிலருடைய சட்டைப்பையில் தீப்பெட்டி தெரிந்தது.

மறுவாரம் நீ கேள்வியை மாற்றினாய். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் நடுவே போய் உட்கார்ந்து, ஒவ்வொருவனிடமும் அவனுடைய கூட்டாளி எவ்வளவு வலிக்கிறான் என்று கேட்டாய். தயக்கமே இல்லாமல் காட்டிக்கொடுத்தார்கள். "அவனா? ரெண்டு கெட்டு பீடி உச்சைக்கே காணாது." மத்தியானம் வரைக்குமே இரண்டு கட்டு போதாதாம். அப்புறம் காட்டிக்கொடுக்கப்பட்டவனிடம் போய், கேட்ட கணக்கை இரட்டிப்பாக்கிச் சொன்னாய். நாலு கெட்டு என்றதும் அவனுக்கு ரோஷம் வந்து உண்மையைச் சொன்னான். இது முறையான தகவல் இல்லை என்றேன். "நெசம் வந்தா போராதா மக்கா?" என்றாய்.

அப்படியே ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வந்தாய். டீயை வாங்கிக்கொண்டு, "அண்ணே, உங்களுக்கு ஒரு நாளைக்கு மூணு கெட்டு உண்டுண்ணு கேட்டேன்" என்றாய்.

"எவன் சொன்னது? ஒண்ணேகால் கெட்டு ஆக்கும்" என்றான் அண்ணன்.

சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தான். நீ சிரிக்காமல் எழுதிக்கொண்டாய்.

ஆனால் ஸ்கேனுக்கு வர மறுத்தான். ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் எப்படி உறங்குவது என்றான். அவனுக்குத் துணையாக நானும் பேசினேன். ஒன்றுமில்லாத புள்ளியைப் பார்த்துவிட்டு ஆயுள் முழுக்கப் பயப்படுகிறவர்களும் உண்டு என்றேன். என்னை வெளியே அழைத்துப்போய் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உனக்கு நூறு சந்தேகம் உண்டு, இருக்கட்டு. அண்ணனக் கூட்டிட்டு வந்து, அங்க இருந்து சந்தேகப்படு."

வந்தோம். பாறசாலை முகாமுக்கு வேனில் போகும்போது கல்யாணத்துக்குப் போவது போல ஒரே கூச்சல். யார் எவ்வளவு குறைத்துச் சொன்னார் என்பதுதான் பேச்சு.

அண்ணனின் வலது நுரையீரலில் ஒரு சிறு புள்ளி இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வளர்ந்திருந்தது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதே வேனில் வந்த இன்னொருவருக்குத் தெரிந்த புள்ளி, என்றோ வந்த காசநோயின் தழும்பு. அது உறுதியாகும் வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அதைச் சொல்லிக்காட்டினேன். நீ வாதாடவில்லை. அவர் வீட்டுக்குத் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைத்தாய்.

போன ஆடியில் நெஞ்சுவலி வந்து ஒரே பகலில் போய்விட்டாய். அண்ணன் உன் வீட்டுக்கு நடந்தே வந்தான், எங்கும் மூச்சு வாங்க நிற்காமல்.

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் முகாம். ஆள் சேர்க்க நானும் போகிறேன். உன்னைப் போல வம்பிழுத்துப் பேச எனக்கு வராது. காரோட்டில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர், போனால் நன்மைதானா டீச்சரே என்று கேட்டார். சிலருக்கு உயிர் தப்பும், சிலருக்கு வீண் பயம் வரும், நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது என்றேன். பயம் வந்தால் தினமும் வீட்டுக்கு வருவேன் என்றும் சொன்னேன். அவர் கத்தியைத் துடைத்து உறையில் செருகினார்.

"ஒளிக்காம சொன்னியளே. அப்ப வாறேன்" என்றார்.

இதுவரை சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். நீயாக இருந்தால் வேன் நிறைந்திருக்கும். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.