நாற்பது சுவரிலும் பெரிய எழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. மறதியோடு உன் அம்மா வீட்டை விட்டுப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். தம்பி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறான், போலீஸில் அதே பதில்தான். நான் செய்த தப்பைப் போனில் சொல்ல வாய் வராது, அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன், திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் முழுக்கப் படி.

சுவர்களில் என் போன் நம்பரை எழுதியபோது கண்டவனும் கூப்பிட்டுக் கேலி பேசினான். நீதான் அம்மாவின் படத்தோடு இணையத்தில் ஒரு பக்கம் போட்டு, பார்த்தவர்கள் அதிலேயே இடத்தைக் குறிக்கட்டும், நம்பரை அழித்துவிட்டு இந்தப் பக்கத்தின் முகவரியை நான் அனுப்பியது போலவே எழுதுங்கள் என்றாய். நான் அப்படி எழுதவில்லை பாப்பா. முப்பத்தைந்து வருஷமாக போர்டு எழுதுகிற கை, இங்கிலீஷ் என்றால் கேப்பிடல் என்கிற பெரிய எழுத்துதான், சாக்பொடி தடவிய நூலை அடித்து இரண்டு கோட்டுக்குள் நிறுத்தினால் தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும், சின்ன எழுத்தில் ஒன்றுக்கு வால் தொங்கும் ஒன்றுக்குக் கொம்பு நீளும். பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் வரை நாற்பது சுவரிலும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிட்டேன். ஒரு தகவலும் வரவில்லையே என்று அழுதாயே, எப்படி வரும்.

இன்று காலை மருந்துக்கடைக்காரம்மா வழியில் நிறுத்தி, அக்கா வீட்டுக்கு வந்து நன்றாக இருக்கிறார்களா என்று உன் அம்மாவைப் பற்றி விசாரித்தார். அவள் இன்னும் வரவில்லையே என்றேன். செவ்வாய்க்கிழமை ரயில்வே கேட் பெஞ்சில் நீல ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாளாம், இவர் எதிர்ச்சுவரில் நான் எழுதிய முகவரியைப் பார்த்து அப்படியே போனில் அடித்தாராம், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்ததாம். "கெடச்சுட்டாங்க, அதான் எடுத்துட்டீங்கன்னு நெனச்சு நானும் பஸ் ஏறிட்டேன்" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன், பெஞ்ச் காலி. கம்ப்யூட்டர் சென்டர்காரரிடம் கேட்டால், முகவரியில் முன்னால் வரும் பெயரை எப்படி அடித்தாலும் ஒன்றுதானாம், சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதில்தான் பெரிய எழுத்து வேறு சின்ன எழுத்து வேறாம். இன்னும் எத்தனை பேர் அவளைப் பார்த்துவிட்டு, அடித்துப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் போனார்களோ.

பெரிய எழுத்தில் அடித்தாலும் அதே பக்கம் திறக்கிற மாதிரி உன்னால் செய்ய முடியும் என்கிறார். சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார் என்று எப்போதும் சொல்கிறவன், இன்று இதைச் செய்துவிட்டுச் சாப்பிடு. நானும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு ஒன்பது சுவரைத் திருத்திவிட்டேன், இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது. நான் ஏணியில் நின்று எழுத, உன் அம்மா கீழே நின்று சீட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பாள், தப்பு இருந்தால் இறங்க விடமாட்டாள், மறதி வந்த பிறகும் அதை அவள் மறக்கவில்லை. இந்த நாற்பது சுவரிலும் கீழே யாரும் இல்லை பாப்பா.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். பக்கம் திறந்ததும் ஒரு வரி போடு, ஏணியில் இருந்தாலும் பார்ப்பேன்.

உன் அப்பா