மஞ்சக் கட்டத்துல ஒண்ணு

ஐப்பசி 13, வெள்ளி

தூறல். வெக்கக்கேடு ஒண்ணு. இடது காலுல என் செருப்பு, வலது காலுல அவரு செருப்பு. பெருமுக்கல்லேர்ந்து திண்டிவனம் வரைக்கும் பஸ்ல அப்படியே வந்திருக்கேன். எறங்கி நடக்கறப்போதான் ஒரு காலு மட்டும் சளக் சளக்குன்னு அடிக்குது. ஆபீஸ் படியில அவரு செருப்பு வாரும் அறுந்துபோச்சு.

ஸ்டெல்லா பார்த்துட்டா.

"இன்னாக்கா, வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வந்துட்டீங்களா?"

"பாதிதான்டி வந்துச்சு. மீதி இன்னும் தூங்கிக்கினு கீது."

எங்க மல்லாட்டை, அதான் வேர்க்கடலைக் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கறவ அவ. விவசாயிங்களே சேர்ந்து நடத்துறது. அஞ்சாவது வரைக்கும் படிச்ச நான் அதுல டைரக்டர். வேலை: பூட்டு தொறக்கறது, மூட்டை எடை சொல்றது, வர்றவங்களைக் கலாய்க்கறது.

கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு மஞ்சக் கட்டம். உள்ள சைபர். கிலோ விலை வர வேண்டிய எடமாம். கடன் கேட்டுப் பேங்குக்கு அனுப்புற கணக்கு பூரா இந்த ஒரு கட்டத்தைப் பார்த்துதான் பெருக்கிக்குமாம். சரக்கு வாங்கற மில்லுக்காரரு இன்னும் விலை சொல்லலை. அதனால சும்மாவுக்கு சைபர்.

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கறோமில்லக்கா, அது மாதிரி. ஆளு வந்ததும் துண்டை எடுத்துடுவோம்."

நல்லா சொல்றா. டீச்சருக்குப் போயிருக்கலாம். புருஷன் செத்து ரெண்டு வருஷம். பொண்ணு பன்னெண்டாவது. இந்தச் சம்பளத்தை விட்டா வேற வழி இல்லை.

சாயந்திரம் வெறுங்காலோட வூட்டுக்கு. அவரு என் கையில இருந்த செருப்பைத்தான் பார்த்தாரு.

ஐப்பசி 16, திங்கள்

மழை. கல்லறைத் திருநாள். ஸ்டெல்லா லீவு. விழுப்புரத்துல புருஷன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்தணுமாம். இந்த மழையில எங்க எரியப் போவுது.

வாங்கணும்: கற்பூரம், அவரு சுகர் மாத்திரை, கோணி தைக்கற ஊசி. செருப்பு தைக்கக் குடுக்கணும்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். அதுக்கு விபூதி வெச்சேன். மஞ்சக் கட்டத்துல அதே சைபர். கீழ வேற செவப்பு எழுத்து, இங்கிலீசுல நீட்டா. வாரத்து மொத நாளு. களத்துல மரக்காலால அளந்து போடறப்போ மொத மரக்காவை ஒண்ணுன்னுகூட சொல்ல மாட்டோம், "லாபம்"னுதான் சொல்லுவோம். ரெண்டாவதுலேர்ந்துதான் எண்ணிக்கை. அப்படியாப்பட்ட எடத்துல சைபரா? அழிச்சுட்டு ஒண்ணு தட்டினேன். லாபம்! செவப்பு எழுத்து ஓடியே போச்சு. எந்தத் துண்டா இருந்தா இன்னா, எடம் புடிச்சா சரி.

மத்தியானம் மேனேஜர் சார் வந்து பார்த்தாரு. "ஓ, முடிச்சு வெச்சுட்டுத்தான் போயிருக்குதா ஸ்டெல்லா. ஜல்தியா அனுப்பிடலாம்." அனுப்பிட்டாரு.

கேப்பைக் கூழும் கருவாடும். தூக்கம் நல்லா வந்துச்சு.

ஐப்பசி 18, புதன்

வெயிலே இல்லை. களத்துல மல்லாட்டை மொளைச்சுக்கினு வருது.

பேங்குலேர்ந்து போன். மேனேஜர் சார் நின்னுக்கினே பேசினாரு. எதிர்ல பேசுனது எனக்கே கேட்டுச்சு. "மல்லாட்டை கிலோ ஒரு ரூபாய்னு விக்கற கம்பெனிக்கு எதை நம்பிங்க கடன் குடுக்கறது?"

என் ஒண்ணு. என் லாபம்.

சார் ஸ்டெல்லாவைப் புடிச்சு ஏறுனாரு. அவ எழுந்து நின்னுக்கினு, "நான் சைபர்தான் சார் வெச்சேன். சைபர் இருந்தா 'விலை வரவில்லை, அனுப்ப வேண்டாம்'னு செவப்புல காட்டற மாதிரிதான் போட்டிருந்தேன்"ன்னா.

"காட்டலையே."

"அதான் சார் புரியலை."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பவே வாயைத் தொறந்திருக்கணும். டீ வாங்கியாறேன்னு வெளிய போயிட்டேன். மூணு டீ. ரெண்டு பேரு குடிக்கலை.

ஐப்பசி 19, வியாழன்

மேனேஜர் சார் வாங்கன்னுகூட சொல்லலை. நாளைக்குக் கமிட்டி. ஸ்டெல்லாவை நிறுத்தறதா வேணாமான்னு.

வூட்டுல அவரு: "செருப்பு தைச்சாச்சா?" இல்லை.

பெருமாள் கோயில் வாசல் வரைக்கும் போய், உள்ள போகாமத் திரும்பிட்டேன். நாளைக்குச் சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும்.

ஐப்பசி 20, வெள்ளி

சொன்னேன்.

கமிட்டி ஆளுங்க எல்லாம் வந்தாச்சு. ஸ்டெல்லாவை வெளியில ஸ்டூல்ல ஒக்கார வெச்சுட்டாங்க. நான் எழுந்தேன். "அந்த ஒண்ணைப் போட்டது நானு. சைபர் ராசியில்லன்னு மாத்திட்டேன்."

காணை ஊர்க்காரரு ஆரம்பிச்சாரு பாரு, ஒரே சிரிப்பு.

"கன்னிமாக்கா, எழவு வூட்டுலகூட நீ சும்மா இருக்க மாட்டியா?"

"சாமி சத்தியமாங்க."

"போன வருசமும் இப்படித்தான் சத்தியம் பண்ணி, கலெக்டர் வர்றாருன்னு எங்களை வேட்டி மாத்த வெச்சே."

மறுபடியும் சிரிப்பு. ஒருத்தருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எனக்கும்தான். அதையும் பார்த்துச் சிரிச்சாங்க.

தீர்மானம் எழுதியாச்சு. ஆளை மாத்தறதுன்னு.

எல்லாரும் போனப்புறம் சாரைத் தனியாப் புடிச்சேன். அவரு சிரிக்கலை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாரு. "நெசம்தானா?" நெசம்னேன். "ஆளை மாத்திட்டோம்னு பேங்குக்கு மெயில் போயாச்சு கன்னியம்மா. இப்போ டைரக்டரே கை வெச்சாங்கன்னு எழுதுனா, கடனும் போவும், கம்பெனியும் போவும். விடுங்க. ஸ்டெல்லா எங்கயாவது பொழைச்சுக்கும்."

எங்க பொழைச்சுக்கும்? கேட்டேன். சாவியை எடுத்துக்கினு போயிட்டாரு.

சோறு எறங்கலை. பூனைக்குப் போட்டேன். அதுக்கும் புடிக்கலை.

ஐப்பசி 21, சனி

மழை விட்டு விட்டு. ஸ்டெல்லா சாமானெல்லாம் எடுத்துக்கினா: டிபன் பாக்ஸ், மாதா படம், தண்ணி பாட்டில், குளிருக்குப் போடற சொட்டர்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். என் கையில ரெண்டு மஞ்சப் பை. ஒண்ணுல அவளுக்கு வறுத்த மல்லாட்டை. ஒண்ணுல தைக்கக் குடுக்க அவரு செருப்பு.

"ஸ்டெல்லா, அந்த ஒண்ணு..."

"தெரியும்க்கா."

"எப்படிடி?"

"செவ்வாக்கெழமை வந்து ஒக்காந்தேன். கீபோர்டுல ஒண்ணாம் நம்பர் பட்டன்ல மட்டும் விபூதி. அப்போ ஏன்னு புரியலை. போன் வந்தப்புறம் புரிஞ்சுது."

"பின்ன ஏன்டி சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொன்னேன்டி. நேத்து உள்ள சொன்னேன்."

அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. "அதுதானா அது? உள்ள அப்படிச் சிரிச்சாங்களே. ஒருத்தி வேலையை எடுக்கறதுக்கு இவ்ளோ சிரிப்பான்னு நெனச்சேன்."

பை ரெண்டையும் கை மாத்திப் புடிச்சேன்.

விழுப்புரம் பஸ் வந்துடுச்சு. கூட்டம். ஜன்னல் வழியா அவ சொட்டரைப் போட்டு எடம் புடிச்சேன். அவ ஏறி ஒக்காந்தா. பையை ஜன்னல்ல நீட்டினேன். "பொண்ணுக்குக் குடு. கன்னிமா பெரியம்மா ஆசையாக் குடுத்துச்சுன்னு சொல்லு." மடியில வெச்சுக்கினா. கையை ஆட்டினா.

செருப்பு தைக்கறவர்கிட்ட போய்ப் பையைத் தொறந்தேன். மல்லாட்டை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். எடுக்கலை.

வூட்டுக்கு வந்ததும் அவரு செருப்பு எங்கன்னாரு. விழுப்புரம் பஸ்ல போய்க்கினு இருக்குதுன்னேன். சிரிச்சாரு.