யோகத்தின் பிள்ளை பற்றி நான் சொன்னது

ஜூன் 4, செவ்வாய்
கச்சான் காற்று. மேசையெல்லாம் புழுதி. வேர்நுனிச் செய்முறைக்கு வெங்காயம் ஆறு, தண்ணீர்க் கோப்பைகளில். கரண்ட் இல்லை. பரவாயில்லை, நுணுக்குக்காட்டிக்கு வெயில் போதும்.
வாங்க: மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி, வேர் வெட்ட பிளேட்.
பக்கத்து வீட்டு யோகத்தின் எட்டு மாதப் பிள்ளைக்குக் கொழும்பில் செய்த இரத்தச் சோதனை முடிவு வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். இருபத்தோராம் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், இரண்டுக்குப் பதில் மூன்று. டவுன் சிண்ட்ரோம். யோகத்துக்கு வயது நாற்பத்தொன்று. எல்லாம் கேட்டுவிட்டு, "நடப்பான்தானே ரீச்சர்?" என்றாள். பிந்தி நடப்பான் என்றேன்.

ஜூன் 6, வியாழன்
சித்தாண்டியில் ஆமியின் சுற்றிவளைப்பு. வகுப்பில் பாதிப் பேர். கலவட்டம் தொடங்கினேன். பிரிய முன்பு உயிர்க்கலம் தன்னைச் சரிபார்க்கும் இடங்கள் உண்டு என்றதும் பின்வாங்கில் ஒருத்தி, "அங்கயும் சென்றியா ரீச்சர்?" ஒரே சிரிப்பு. எனக்கும்தான்.

ஜூன் 8, சனி
வாழைச்சேனையில் இருந்து ஒரு அம்மா வந்தா. யோகத்தின் தங்கை வசந்திக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தாய்.
"படிச்ச ஆள் நீங்க, மறைக்காமச் சொல்லுங்க ரீச்சர். அந்தப் பிள்ளைக்கு இது தாய்ர பக்கத்தால வந்ததா, தகப்பன்ர பக்கத்தாலயா?"
பெரும்பாலும் தாயின் முட்டையில்தான் என்றேன். முட்டை உண்டாகும்போது நிறமூர்த்தச் சோடி பிரியாமல் போவதைக் கொப்பியில் கீறியும் காட்டினேன். ஒடுக்கற்பிரிவை இவ்வளவு கவனமாக என் வகுப்பில் எவரும் கேட்டதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா.

ஜூன் 11, செவ்வாய்
வசந்தியின் கலியாணம் குழம்பிவிட்டது. "அந்தக் குடியில எடுக்க மாட்டம்" என்று சொல்லியனுப்பினார்களாம்.
அந்த அம்மா கேட்டது நிறமூர்த்தத்தை அல்ல, குடியை, தாய்வழி வம்சத்தை; அக்காவும் தங்கையும் ஒரே குடி. தாய்வழியே குடி எண்ணும் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை. யோகம் பிறக்க முன்பே உண்டான முட்டைக்கலம், பாதிப் பிரிவில் நின்று நாற்பது வருடம் காத்திருந்தது. அதற்குள் பிடி தளர்ந்து ஒரு சோடி பிரியாமல் போய்விட்டது. அந்த ஒரு முட்டையோடு முடிந்த விபத்து. தங்கைக்கு அதில் ஒன்றுமில்லை. ஏன் இதைச் சொல்லவில்லை? சோதனையில் புள்ளி எடுக்கிற பிள்ளை மாதிரிக் கேட்டதற்கு மட்டும் விடை சொன்னேன். பெருமை வேறு. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்
அரை நாள் லீவு. வாழைச்சேனை போனேன். வழியில் இரண்டு சென்றியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கி ஏற்றினார்கள். அந்த அம்மாவிடம் எல்லாம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகத்தான் கேட்டா.
"நீங்க முதல் சொன்னதுதான் ரீச்சர் உண்மை. இப்ப பாவம் பாத்துக் கதைக்கிறீங்க."
வரும்போது ஒரு பை இறால் தந்தா. வாங்காமல் வந்தேன்.

ஜூன் 20, வியாழன்
ஒரு தூறல்கூட இல்லை. பின்னேரம் யோகம் வந்தாள், பிள்ளையைத் தோளில் போட்டபடி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், விடவில்லை. உன்னிச்சைப் பக்கமிருந்து வசந்திக்கு வேறு கலியாண இடம் வந்திருக்கிறதாம். அவர்களும் என்னிடம்தான் விசாரிக்க வருவார்களாம்.
"இவன நான் பெறல்ல, அகதி முகாமில கிடந்த பிள்ளைய எடுத்து வளக்கன் எண்டு சொல்லுங்க ரீச்சர். நீங்க சொன்னா நம்புவாங்க."
பிள்ளை பாலுக்கு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது. சொல்கிறேன் என்றேன்.