தவக்காலச் சனிக்கிழமையில் வாசித்த பெயர்

டுப்ரிவ்கா, கலீசியா
1910 நவம்பர் 6

அன்புத் தங்கை ஃப்ரோசினாவுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். இங்கே நானும் பசுவும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் ஒனுஃப்ரியும் சுகமாக இருக்க வேண்டும். மரம் விழுந்து நசுங்கிய அவர் கால் இப்போது தேவலையா?

என் வீட்டுக்காரர் ப்ரோகிப் கனடா போய் நாலு வருஷம் முடிந்துவிட்டது. மூன்று வருஷம் மாதம் தவறாமல் எழுதினார். இந்த ஒரு வருஷமாக ஒரு வரி இல்லை. உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவர் நிலம். ஒரு நடை போய், "என்ன அத்தான், அக்காவ மறந்துட்டீங்களா?" என்று கேட்கக் கூடாதா? அவருக்கு ரோஷம் வந்துவிடும்.

என் பங்கு நிலத்தை விற்று, மே மாதத்துக்குக் கப்பல் சீட்டும் எடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லாதே. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே நான் கல்யாணமானவளும் இல்லை, விதவையும் இல்லை. இந்தப் பிழைப்பு போதும்.

உன் அக்கா
தெக்லா


வெர்பிவ்கா, ஆல்பர்ட்டா
1911 ஜனவரி 20

அன்பான அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒனுஃப்ரி டிசம்பரில் போய்விட்டார். காலில் சீழ் வைத்து மேலே ஏறிவிட்டது. மண் உறைந்து கிடந்ததால் இரண்டு நாள் வைக்கோல் கொளுத்தி இளக்கித்தான் குழி தோண்டினார்கள். அத்தான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். அவர் நன்றாக இருக்கிறார். எழுதச் சோம்பல், அவ்வளவுதான்.

அக்கா, இந்த வருஷம் வராதே. அத்தான் இன்னும் மண் குடிசையில்தான் இருக்கிறார். வெளியே மழை விட்டாலும் உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் கொசு மாட்டையே கொன்றுவிடும். சீட்டை அடுத்த வருஷத்துக்கு மாற்றிக்கொள்.

ஓர் உதவி. தவக்காலச் சனிக்கிழமைகளில் இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கும்போது, ஒனுஃப்ரி ஞானஸ்நானம் வாங்கிய நம் கோயிலிலும் அவர் பெயரை வாசிக்கச் சொல். நம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களையெல்லாம் இங்குள்ள கோயில் பாடகர், இறந்தவர் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்துத் தாளில் எழுதி, மடித்துக் கொடுத்தார். பிரிக்காமல் அப்படியே வைக்கிறேன். தபால் வண்டிக்காரர் வாசலில் சத்தம் போடுகிறார்.

உன் தங்கை
ஃப்ரோசினா


டுப்ரிவ்கா
1911 மார்ச் 19

ஃப்ரோசினா,

ஒனுஃப்ரியின் செய்தி கேட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. நல்ல மனுஷன். உன்னை அங்கே தனியாக நினைக்கவே முடியவில்லை.

நேற்று பூசை நடந்தது. ரொட்டி சுட்டு எடுத்துப் போனேன். தாளைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு மெழுகுவர்த்தியோடு நின்றேன். அப்பா பெயர், அம்மா பெயர், சின்ன வயதில் போன தம்பி பெயர், ஒனுஃப்ரி பெயர். அடுத்து, "தெக்லா, ப்ரோகிப்பின் மனைவி" என்று வாசித்துவிட்டுச் சாமியார் அப்படியே நிறுத்தினார். கோயில் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் நின்ற நாஸ்த்யா சும்மா இருப்பாளா? "என்னடி, ஒன் காரியத்துக்கு நீயே ரொட்டி சுட்டு எடுத்தாந்தியா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன்.

உங்கள் பாடகர் குடித்துவிட்டு எழுதினாரா? அப்படி என்றால் நன்றாக நாலு வார்த்தை கேள். ஆனால் புத்தகத்தைப் பார்த்து எழுதியதாகத்தானே சொல்கிறாய். அந்தப் புத்தகத்தில் என் பெயரை யார் சொல்லி எழுதினார்கள்? பிழை என்று ஒரு வரி எழுதிப் போடு. அந்த ஒரு வரி போதும்.

தெக்லா


வெர்பிவ்கா
1911 ஏப்ரல் 24

அக்கா,

பிழை இல்லை. நான்தான் சொன்னேன்.

ஒனுஃப்ரி காலை நசுக்கிக்கொண்டு படுத்த வருஷம் எங்கள் பயிரை அறுத்தது அத்தான். விறகு வெட்டியது அத்தான். அவர் இல்லாவிட்டால் அந்தக் குளிரில் நாங்கள் செத்திருப்போம். ஒரு நாள் வந்து, "ஃப்ரோசினா, எனக்கு நீ ஒரே ஒரு வார்த்த சொல்லணும். சாமியார் கேட்டா, அக்கா காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிடு" என்றார். வர்வாரா என்று ஒருத்தி அதற்கு முன்பே அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். இங்கே சாமியார் வருஷத்துக்கு மூன்று தடவைதான் வருவார். காகிதம் எதுவும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவள் சொல்கிறாளே என்று நம்பிவிட்டார்.

உனக்காகப் பூசை வைத்தார்கள். நான் அழுதேன். அழுகை நிஜமாகவே வந்தது, அக்கா. எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த தடவை சாமியார் வந்தபோது அத்தானுக்கும் வர்வாராவுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. நான்தான் ஞானத்தாய். வர்வாராவுக்கு ஒன்றும் தெரியாது, அவளும் உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். நீ வந்தால் அவள் கல்யாணம் கல்யாணமில்லை என்றாகிவிடும், குழந்தைக்குப் பெயர் இருக்காது. புருஷன் இல்லாத நான் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. காலில் விழுகிறேன், வராதே.

ஃப்ரோசினா


வினிபெக்
1911 ஜூன் 20

ஃப்ரோசினா,

எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று மேலே பார். கப்பலில் பன்னிரண்டு நாள். இங்கே ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறேன். முதலாளியம்மாள் நம்ம ஊர்க்காரி. வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டாள். அதனால் உன் வீட்டில் எனக்கு இடம் தேட வேண்டாம்.

ப்ரோகிப் எனக்கு வேண்டாம். ஓடுகிற ஆண்பிள்ளை ஓடத்தான் செய்வான், நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அவன் செய்ததற்கு ஒரே ஒரு ராத்திரிதான் அழுதேன். உன்னை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. உனக்குத் தலை பின்னிவிட்டவள் நான். அவனிடம் நன்றிக்கடன் பட்டிருந்தால் உன்னிடம் இருப்பதைக் கொடுத்திருக்க வேண்டும். என்னை எடுத்துக் கொடுத்தாய்.

ஆனால் நான் செத்தவளாக இருக்க மாட்டேன். வர்வாராவும் பாவம், உயிரோடு இருப்பவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? அவளுக்கும் தெரிய வேண்டும். அதன் பிறகு அவனை வைத்துக்கொள்வதோ விரட்டுவதோ அவள் இஷ்டம். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஜூலை இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊருக்குச் சாமியார் வருகிறாராம். இங்கே விசாரித்துவிட்டேன். அன்று பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் நிற்பேன். நீ என் பக்கத்தில் வந்து நில். யார் இவள் என்று கேட்பார்கள். நான் வாய் திறக்கமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

தெக்லா